ரேவாவின் பிள்ளை

மெரெவாய்க்கு இந்தி தெரியாது. ஃபிஜியின் லம்பாசாவில் முப்பது வருஷம் குடியிருந்தவள் இப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அந்த ஊரில் ஃபிஜிக்காரக் குழந்தைகள்கூடக் கரும்புத் தோட்டத்து இந்தியில் கெட்ட வார்த்தை வரைக்கும் சரளமாகப் பேசும். ஆனால் அவள் கிழக்கே லாவ் தீவுகளிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கத்திரிக்காய் என்ன விலை, கொஞ்சம் குறைத்துக் கொடு, பஸ்ஸை நிறுத்து. அவளுக்கு வந்தது இவ்வளவுதான். டிவியில் பேசும் இந்தியோ அதுகூட இல்லை. அது பட்டுப்புடவை கட்டிய இந்தி.

அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. புருஷன் சர்க்கரை ஆலையில் இருந்தவன், ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டே விழுந்து போய்ச் சேர்ந்தான். மகள் சுவாவில் இருந்தாள், மகன் ராணுவத்தோடு ஏதோ பாலைவனத்தில். மாலை நாலரைக்கு வீடு திரும்பினால் மறுநாள் காலை வரை மெரெவாயின் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே வரத் தேவையிருக்காது.

ஒருநாள் அவள் கொடியில் காயப்போட்ட போர்வை காற்றில் பறந்து பக்கத்து வீட்டு வேலியில் விழுந்தது. எடுக்கப் போனாள். அந்த வீட்டு ராம்ரதி கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்து பயறு உரித்துக்கொண்டிருந்தாள். மெரெவாயைவிடப் பத்து வயது பெரியவள், அவளுக்குத் தீதி, அதாவது அக்கா. அவளுடைய அப்பாவின் கரும்பு வயலும் ஒரு ஃபிஜி கிராமமும் ஒட்டி ஒட்டி இருந்ததால், தேவாலயத்தில் பிரசங்கம் செய்யலாம் என்கிற அளவுக்கு அவள் ஃபிஜி மொழி பேசுவாள்.

"உட்காரு மெரே. இந்தக் கிழவியப் பாரு, மருமக டீயில வேணும்னே உப்பள்ளிப் போட்டுட்டு ஒண்ணும் தெரியாதவ மாதிரி நிக்கிறா."

"எதுக்குத் தீதி?"

"கெட்ட பேரு வாங்கிக் குடுக்கத்தான். வேற எதுக்கு?"

மெரெவாய் பாயில் உட்கார்ந்தாள். அதன் பிறகு நாலு வருஷம், சனி ஞாயிறு நீங்கலாக, மாலை ஏழு மணிக்கு அந்தப் பாயில்தான் இருந்தாள். ராம்ரதியின் புருஷன் ஹர்தயால் வராந்தாவில் கவா என்கிற கிறக்கமூட்டும் வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, கதை காதில் விழ, தெருவைப் பார்த்தபடி இருப்பார். சீரியல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

அந்தப் பெரிய வீட்டுச் சீரியலில் மூன்று மருமகள்கள். மூத்தவளும் இளையவளும் எந்நேரமும் கண்ணை உருட்டுவார்கள். நடுவில் ரேவா என்று ஒருத்தி. அதிகம் பேசாமல் சமையலறை ஜன்னலோரம் நிற்பாள். ஃபிஜியிலும் ரேவா என்று ஒரு சீமை உண்டு என்பதால் மெரெவாய்க்கு அவள் மேல் முதல் நாளே ஒட்டுதல்.

"இவ ஏன் தீதி எப்பப் பாத்தாலும் ஜன்னல்கிட்டயே நிக்கிறா?"

ராம்ரதி உரித்த பயறைக் கிண்ணத்தில் தட்டினாள். விளம்பரம் வந்து போனது. பிறகு சொன்னாள்:

"அவளுக்குப் பதினேழு வயசுல ஒரு பிள்ளை பொறந்துச்சு. கல்யாணத்துக்கு முன்னால. அவங்கப்பன் அன்னைக்கே ஆத்துக்கு அந்தாண்ட பிள்ளையில்லாத வீட்டுல தூக்கிக் குடுத்துட்டான். அப்புறம்தான் இந்த வீட்டுல கட்டிக் குடுத்தது. இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"ஐயோ! பால்?"

"பால்தான். துணிய இறுக்கிக் கட்டிக்கிட்டு மூணு நாள் கரும்பு வெட்டப் போனா."

கண்ணாடி விளக்கு தொங்குகிற அந்த மாளிகையில் இருப்பவள் எப்போது கரும்பு வெட்டினாள் என்று மெரெவாய் கேட்கவில்லை. முந்தானை முனையால் முகத்தைத் துடைக்கிற ராம்ரதியையும் அவள் கவனிக்கவில்லை. அவள் கண் ரேவாவின் மேல் இருந்தது.

கதை வளர்ந்தது. அந்தப் பிள்ளை பெரியவனாகி அதே வீட்டுக்குக் கார் ஓட்ட வந்தான். தாயென்று தெரியாமல் சாவியை அவள் கையில் கொடுத்தான். ரேவா வாங்கிக் கொக்கியில் தொங்கவிட்டாள், அவ்வளவுதான். அன்றைக்கு மெரெவாய் அழுத அழுகையில் ஹர்தயாலே வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தேவாலயத்தில் ஜெபக் குறிப்புக்கு ரேவாவின் பெயரைக் கொடுத்தாள். எந்தக் குடும்பம் என்று போதகர் கேட்டார். "பம்பாய்ல. பெரிய குடும்பம்" என்றாள். அவரும் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தார்.

ஹர்தயால் செத்து எட்டு மாசத்தில் அவர்கள் மகன் பிரிஸ்பேனிலிருந்து வந்து ராம்ரதியை அழைத்துக்கொண்டு போய்விட்டான். வேனில் ஏறும்போது அவள் மெரெவாயின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "சீரியலப் பாக்காம மட்டும் இருந்துடாத" என்றாள்.

மெரெவாய் தன் வீட்டிலேயே பார்த்தாள். படம் ஓடியது, வாய்கள் அசைந்தன, மேளம் அதிர்ந்தது. எதுவும் புரியவில்லை. ரேவா ஜன்னலோரம் வரும்போது மட்டும் எழுந்து டிவி அருகே போய் நிற்பாள்.

ராம்ரதி வீட்டுக்கு ஷலேஷ்னி என்ற பள்ளிக்கூட டீச்சர் வாடகைக்கு வந்தாள். சின்னப் பெண், கலகலப்பானவள், ஃபிஜி மொழியும் தெரிந்தவள். மெரெவாய் தனியாக டிவி பார்ப்பதைக் கண்டு, "நம்ம வீட்டுக்கு வாங்க நௌ, நான் சொல்றேன்" என்றாள். அம்மா வயதுப் பெண்களை அங்கே நௌ என்றுதான் கூப்பிடுவார்கள். நோட்டுத் திருத்திக்கொண்டே, ஒரு கண்ணை டிவியில் வைத்து, வரிக்கு வரி சொல்லிக்கொண்டு போனாள். ரேவா வந்தாள். இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனாள்.

"அவ என்ன சொன்னா?"

"குலாப் ஜாமூனுக்குப் பாகு காச்சிட்டேன்னா."

"பிள்ளையப் பத்தி?"

"எந்தப் பிள்ளை?"

"டிரைவர்! அவ மகன். ஆத்துக்கு அந்தாண்ட குடுத்தாங்களே."

ஷலேஷ்னிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஐயோ நௌ, யாரு சொன்னா? அவளுக்குப் பிள்ளையே கிடையாது. டிரைவர் வெறும் டிரைவர். அந்த நடிகைக்கு வசனமே குடுக்கமாட்டாங்க, பாவம். நான் முதல்ல இருந்து பாக்கிறேன்."

"நானும்தான் பாக்கிறேன்" என்று மெரெவாய் கோபமாக எழுந்தாள். வீட்டுக்கு வந்து கப்பக்கிழங்கை அடுப்பில் வைத்தாள். தண்ணீர் கொதித்தபோதுதான் கரும்பு வெட்டியது நினைவுக்கு வந்தது. துணியை இறுக்கிக் கட்டியது. பிள்ளையின் காதுக்குப் பின்னால் மச்சம் என்று ஒருமுறை ராம்ரதி சொன்னது. அந்த டிரைவரின் காதை டிவியில் ஒருநாளும் கிட்டத்தில் காட்டியதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

அடுத்த ஞாயிறு தேவாலயம் முடிந்து வந்து பிரிஸ்பேனுக்குப் போன் போட்டாள். ராம்ரதி எடுத்ததும் கேட்டது, "ரேவா எப்படி இருக்கா?"

"தீதி, அவளுக்குப் பிள்ளையே கிடையாதாம். டீச்சர் சொல்றா."

அந்தப் பக்கம் எங்கேயோ துணி துவைக்கும் மெஷின் சுற்றியது.

"டிவியில கிடையாது" என்றாள் ராம்ரதி.

மெரெவாய் தரையில் உட்கார்ந்தாள். "பேரு என்ன?"

"அவங்க வச்சதா, நான் வச்சதா?"

"நீ வச்சது."

"வாய்விட்டுச் சொன்னதில்ல. இரு... உதய்ராஜ்."

"உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"வராந்தாவுல உக்காந்து அத்தனையும் கேட்டாரே. ஒருநாள், 'பாவம் அந்தப் பொண்ணு, புருஷன்கிட்ட சொல்லிட வேண்டியதுதான?'ன்னார். 'சீரியல்ல எவ சொல்லுவா?'ன்னேன். 'அதுவும் சரிதான்'னுட்டுக் கவாவக் குடிச்சார்."

"எங்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீ எனக்காக அழுவ. அதப் பாத்துக்கிட்டு நான் எங்க உக்காருறது? ரேவாவுக்குன்னா ரெண்டு பேரும் சேந்தே அழுதோமில்ல?"

அவன் மலைப்பக்கம் கரும்பு போட்டிருக்கிறான், இரண்டு பிள்ளைகள், வளர்த்தவர்களை நன்றாக வைத்திருக்கிறான் என்று ராம்ரதி சொன்னாள். போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்றதற்கு மட்டும் பதறினாள். "வேணாம் மெரே. உன் மூஞ்சி ஒண்ணு போதும், ஊருக்கே சொல்லிடும்."

"அங்க யாருகூட உக்காந்து பாக்கிற?"

"மருமக இருக்கா. என்னத்தச் சொல்றது? அவளுக்கு இந்தி நல்லாத் தெரியுமே."

இரண்டு பேரும் சிரித்தார்கள். வெகுநேரம் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு போதகர் ஒருமுறை பம்பாய்க் குடும்பத்தை விசாரித்தார். உண்மையான பெயரைச் சொல்லி ஜெபிக்கச் சொல்ல வழியில்லை, பொய்ப் பெயரைச் சொல்ல மனமில்லை. "நல்லா இருக்காங்க" என்று சொல்லி நகர்ந்தாள். பஸ்ஸில் கரும்புக்காரர்கள் யாராவது முன் சீட்டில் உட்கார்ந்தால் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். தப்பித் தவறிக் காதைப் பார்த்துவிடக் கூடாது.

போன் மாசத்துக்கு ஒன்று என்று ஆனது. பிறகு ராம்ரதி குளியலறையில் வழுக்கி விழுந்தாள், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் சேர்த்தார்கள். அங்கே கூப்பிட்டால் வேறு யாரோ எடுத்து அவள் தூங்குவதாகச் சொன்னார்கள். ஒருமுறை பேசக் கிடைத்தபோது அவள் இந்தியிலேயே பேசினாள். நிறுத்தாமல், ஆசையாக, கால் மணி நேரம். மெரெவாயிடம் ஃபிஜி மொழியில் பேச வேண்டும் என்பது அவளுக்கு மறந்துவிட்டது. மெரெவாய்க்கு ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. "ம்" கொட்டிக்கொண்டே கேட்டாள்.

சீரியல் அந்த ஆண்டு கரும்பு அரைவை முடிவதற்குள் முடிந்துவிட்டது. கடைசி நாளில் எல்லோரும் கூடிப் போட்டோவுக்கு நின்றார்கள். ரேவா ஓரத்தில், பாதி தோள் வெட்டுப்பட்டு நின்றாள். மறுநாள் ஏழு மணிக்கு வேறொரு வீடு, வேறு ஆட்கள். மெரெவாய் இரண்டு நாள் பார்த்தாள். ஒருத்தரும் தெரிந்தவர்களாக இல்லை. மூன்றாம் நாள் சலவைக்கூட மேற்பார்வையாளரிடம் போய், தன்னை மாலை முறைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாள். அந்த நேரத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்பதால் அவர் சந்தோஷமாகச் சம்மதித்தார். இப்போது ஏழு மணிக்கு அவள் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மெஷினில் திணித்துக்கொண்டிருப்பாள். அது ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நின்று பேசினாலும் கேட்காது. பேச அங்கே யாரும் இல்லை.