சவுண்டுக்குக் கேட்காத கீச்சு

கெப்பாசிட்டரின் காலில் காந்தத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார் சவுண்டு. ஒட்டினால் இரும்புக் கால், மட்டமான சரக்கு. ஒட்டவில்லை. அதோடு விட்டுவிடுகிற ஆளா? மேலே அச்சடித்த எழுத்தைப் பெயின்ட் தின்னரில் நனைத்த துணியால் தேய்க்கிறார். எழுத்து அழியவில்லை. உள்ளங்கையில் தூக்கிப் பார்க்கிறார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்க்கிறார். உதிரிபாகக் கடைக்காரருக்குப் பொறுமை போய்விடுகிறது.

"சார், சர்க்யூட்ல வைக்கப் போறீங்களா, கட்டிக்கப் போறீங்களா?"

"கட்டிக்கிட்டப்ப இவ்வளவு பாத்திருந்தா, நான் ஏன்யா இங்க வந்து நிக்கறேன்?"

கடையில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். யாரையாவது வாராமல் அவருக்குப் பேச வராது. பெரும்பாலும் அகப்படுவது வீட்டு மனிதர்கள்தான்.

பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறார். காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுச் சாயங்காலம் அள்ளிவந்தால் போதும். நடுவில் கிடைக்கும் பகல் முழுக்க ஆம்ப்ளிஃபையர்தான். தெரிந்தவர்களுக்கெல்லாம் செய்து கொடுப்பார், வேண்டாம் என்றவர்களுக்கும் கொடுப்பார். அவரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'சவுண்டு' என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்.

சர்க்யூட் போர்டையும் விலைக்கு வாங்கமாட்டார். கோடுகளைக் கம்ப்யூட்டரில் தானே வரைந்து, வழவழப்பான பத்திரிகைத் தாளில் கண்ணாடி பிம்பமாக அச்செடுத்து, செப்புத் தகட்டின் மேல் கவிழ்த்து, மனைவியின் இஸ்திரிப் பெட்டியால் அழுத்துவார். பிறகு தண்ணீரில் ஊறவைத்துக் குழந்தைக்குத் தலை துவட்டுகிற பக்குவத்தில் தாளை உரிப்பார். தாள் போய்க் கறுப்புக் கோடு மட்டும் செம்பில் தங்கும். அப்புறம் அமிலத் தட்டில் அலசினால் கோடு இல்லாத இடத்துச் செம்பெல்லாம் கரைந்துபோகும். குளியலறைத் தொட்டியில் மஞ்சள் கறை, மனைவியின் விரலிலும் மஞ்சள் கறை. "இவர் சட்டையை இஸ்திரி போட்டா சட்டையில சர்க்யூட் வருது. கரண்டு குடுத்தா பாடும்போல" என்பாள் அவள். அப்படிச் சொல்லிக்கொண்டே மறுபடியும் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக் கொடுப்பாள்.

சவுண்டின் ஆம்ப்ளிஃபையர் பெட்டிகளில் ஒரு தனி வித்தை உண்டு. எல்லோரும் வைக்கிற ஒரு சின்னக் கெப்பாசிட்டரை அவர் வைப்பதில்லை. சில வருடங்களாகவே எந்தப் பாட்டைப் போட்டாலும் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல அவருக்குப் பட்டது. யோசித்து யோசித்து, குற்றவாளி அந்தக் கெப்பாசிட்டர்தான் என்று கண்டுபிடித்தார். "அது மேல்சத்தத்தோட கழுத்தைப் பிடிச்சு நெரிக்குது. எடுத்து வீசிட்டேன். இப்போ கேளுங்க!" கேட்டவர்கள் தலையாட்டினார்கள். இன்னொரு பெருமையும் உண்டு. பாட்டை நிறுத்திவிட்டு வால்யூம் குமிழை முழுக்கத் திருப்பி, "ஏதாவது கேக்குதா? பொட்டி உயிரோட இருக்கறதே தெரியக் கூடாது. அதான் சுத்தம்" என்பார். மனைவிக்குச் சரியாக அந்த நேரம் பார்த்து அடுப்படியில் வேலை வந்துவிடும்.

தங்கை புருஷன் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். போன மாதம் அவருடைய கடைக்கு ஆசை ஆசையாக ஒரு பெட்டி செய்து மாட்டினார் சவுண்டு. சில நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது மாப்பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மச்சான், பாட்டு பிரமாதம். ஆனா கூடவே லேசா கீச்சுன்னு ஒண்ணு வருது. விசில் மாதிரி."

சவுண்டு பெட்டியருகே காதைக் கொடுத்தார். ஒன்றுமில்லை. நிமிர்ந்து, கடையில் காத்திருந்தவர்களை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். ஆள் கூட்டம் இருந்தால் அவருக்கு நாக்கு நீளும்.

"என் காதுக்குக் கேக்காத சத்தமா மாப்ளே? ஊர் தலையெல்லாம் செரைக்கறீங்க, உங்க காதுக்குள்ள இருக்கற முடியைக் கொஞ்சம் வெட்டிக்கக் கூடாதா?"

கடையே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். சிரித்தபடியே சுவர்ப் பக்கம் திரும்பிக் கத்தியைத் தீட்டத் தொடங்கினார்.

அந்த வெற்றியை வீட்டில் சாப்பிடும்போது நடித்தே காட்டினார் சவுண்டு. பல் மருத்துவரிடம் வேலை பார்க்கும் மகள் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, கீச்சு வருதுப்பா."

"நீ எப்போ மாமா கடைக்குப் போனே?"

"அங்க இல்ல. நம்ம வீட்டுப் பொட்டியில. நீங்க செஞ்ச எல்லாப் பொட்டியிலயும்."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தண்ணீர்ச் செம்பை எடுத்தாள், வைத்தாள். "நீங்க அவ்வளவு ஆசையா செய்யறீங்க. அதைப் போய் எப்படிச் சொல்றது?" என்றாள்.

சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து பெட்டியைப் போட்டார். பாட்டு இல்லாமல் குமிழைத் திருப்பினார். அவருக்குச் சுத்தமான அமைதி. மகள் முகத்தைச் சுளித்தாள். சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த பூனை எழுந்து, அவரை ஒரு முறை பார்த்துவிட்டு வெளியே போனது. பூனைக்குக்கூடத் தெரிந்திருக்கிறது!

அப்புறம் எல்லாம் தானாகவே விளங்கியது. பெட்டிக்குள் வைக்கிற சின்னப் பவர் சப்ளை ஓடும்போது மெல்லிய கீச்சுக் குரலில் முனகும். அந்த முனகல் ஸ்பீக்கருக்குப் போகாமல் பிடித்து வைப்பதும் அந்தக் கெப்பாசிட்டரின் வேலைதான். இது அவருக்குத் தெரியாததல்ல. தன் காதுக்கு முனகல் கேட்காததால் முனகலே இல்லை என்று முடிவு கட்டிவிட்டார். எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து கீச்சுச் சத்தங்களெல்லாம் காதைவிட்டுப் போயிருக்கின்றன. பாவம், கெப்பாசிட்டர் மேல் பழி. கொடுத்த வீடுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. தலையாட்டிய முகங்களும் வந்தன. எல்லோரும் பொறுத்துப் போயிருக்கிறார்கள். யாராவது திட்டியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

கெப்பாசிட்டரையும் சால்டரிங் கம்பியையும் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை கடைக்குப் போனார். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஒருவர் சாய்ந்திருந்தார். மாப்பிள்ளையின் இரண்டு காதிலும் பஞ்சு. சவுண்டைக் கண்ணாடியில் கண்டதும் சட்டென்று பிடுங்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார்.

"வாங்க மச்சான். காதுல லேசா வலி, அதான்..."

பெட்டியை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல், காதை அடைத்துக்கொண்டு, மச்சான் கொடுத்ததென்று நாள் முழுக்க ஓடவிட்டிருக்கிறார். சவுண்டு ஸ்டூலைப் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கி, மூலையில் குந்தி, திருகுகளைக் கழற்றினார். தான் காலியாக விட்ட இடத்தில் கெப்பாசிட்டரை வைத்துப் பற்றவைத்தார். ஈயம் பக்கத்துக் கோட்டில் வழிந்தது. உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார்.

பெட்டியை மாட்டிப் பாட்டைப் போட்டார். அவருக்கு மறுபடியும் அதே போர்வை. பாட்டை நிறுத்திக் குமிழை முழுக்கத் திருப்பினார்.

"போச்சா மாப்ளே?"

"போயே போச்சு மச்சான்!" கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

இந்த மனிதர் போகாவிட்டாலும் போச்சு என்றுதான் சொல்வார். மனைவியும் அதையே சொல்வாள். சொல்லிச் சொல்லி இந்தக் கதிக்குக் கொண்டுவந்தது இந்த அன்புதானே! சவுண்டு கடையைச் சுற்றிப் பார்த்தார். பெஞ்சில் காத்திருந்த இரண்டு பேர், போன தடவை சிரித்தவர்களாகவும் இருக்கலாம், அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலியில் இருப்பவர்தான் முன்பின் தெரியாத ஆள். சவுண்டு அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"சார், நீங்க சொல்லுங்க. கீச்சுன்னு ஏதாவது வருதா?" பிறகு பெஞ்சுக்கும் கேட்கும்படி சொன்னார். "எனக்குக் காது கேக்காது சார்."

மாப்பிள்ளையின் கை கத்தியோடு அப்படியே நின்றது. நுரைக்குள் இருந்த மனிதர் கண்ணை மூடி உற்றுக் கேட்டார். சவுண்டு குனிந்து, அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.