மச்சான் தேய்த்த பேனாக்கள்

மூக்கண்டப்பள்ளி வீட்டில் அன்று நான் இருந்தேன். என் மனைவி இருந்தாள். கம்பெனியில் உலோகத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் பஃபிங் மிஷின் ஓட்டும் அவள் தம்பி இருந்தான்.

பெங்களூர் பழைய சாமான் கடைகளில் பதினாறு வருஷம் தேடிச் சேர்த்த என் மைப்பேனாக்களை அவன் கட்டில்மேல் கொட்டினான். கருப்பு ரப்பர் உடம்பு, அதன்மேல் மெல்லிய தங்கத் தகடு, தகட்டில் கையால் செதுக்கிய பூங்கொடி. எனக்குத் தெரியாமல் எடுத்துப்போய் மிஷினில் கொடுத்திருக்கிறான். கொடி போய்விட்டது. சில இடத்தில் தங்கமும் போய் ரப்பர் தெரிந்தது.

“மூஞ்சி தெரியுது பாருங்க மாமா” என்றான்.

“காசு வாங்காம செஞ்சிருக்கான், ஒரு வார்த்தை நல்லா சொல்ல வாய் வருதா பாரு” என்றாள் மனைவி.

மூஞ்சி தெரிந்தது.

“தேய்க்காதது ஏதாவது இருக்கா?”

“ஒன்னுகூட விடல மாமா.”

எண்ணினேன். பதினொன்றும் இருந்தது.