குடிக்காதவனின் தள்ளாட்டம்

மூட்டு வலிக்கு மஞ்சள் மாத்திரை வாங்கி வந்தது என் மனைவி. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி பாகங்களைச் சோதிக்கிற வேலை எனக்கு. முட்டி சும்மா இருக்குமா? மஞ்சளோடு பைப்பரின் சேர்த்தது என்று டப்பாவில் போட்டிருந்தது. மிளகுக்குக் காரம் தருகிற பொருள் அது. மிளகுதானே, என்ன செய்துவிடும் என்று விழுங்கினேன்.

எனக்கு வலிப்பு நோய் உண்டு. தினமும் போடும் மாத்திரையின் தயவில் பல வருஷமாக வரவில்லை. கம்பெனிக்குத் தெரியாது. தெரிந்தால் காண்டிராக்ட் ஆளான என்னை மறுநாளே நிறுத்திவிடுவார்கள்.

சில வாரங்களில், பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. நாக்கு குழறியது. ஒருநாள் காலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி லைனுக்குப் போனவன், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

“இன்னாப்பா, காலங்காத்தாலயே சரக்கா?” என்றார் சூப்பர்வைசர்.

உண்மையைச் சொன்னால் வேலை போகும். குடிகாரனுக்கோ சில நாள் கட்டாய லீவு, அவ்வளவுதான். பீரைக்கூடத் தொட்டறியாத நான், “நேத்து கொஞ்சம் ஓவராயிடுச்சி சார்” என்றேன். அவமானத்தில் காது சுட்டது.

ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். வலிப்பு மருந்து அளவுக்கு மீறி ஏறியிருந்தது. மஞ்சள் டப்பாவைக் காட்டினேன்.

“இதுவா இருக்கும். உடம்பு மருந்தை உடைச்சு வெளியே தள்ளுறதை பைப்பரின் மெதுவாக்கும். மஞ்சள் உடம்புல நிக்கணும்னுதான் சேர்க்கிறாங்க. உங்க மாத்திரையும் சேர்ந்து நின்னுடுச்சு. ரசத்துல போடுற மிளகு வேற, இது வடிச்செடுத்த சாரம். நிறுத்துங்க.”

நிறுத்தினேன். நடை நேரானது. வேலைக்குத் திரும்பியதும் சூப்பர்வைசர் தினமும் பக்கத்தில் வந்து மோந்து பார்ப்பார். எரிச்சலாக வரும், என்ன செய்ய? பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். ஒருநாள் தோளில் தட்டினார்.

“குடிய வுட்டுட்ட பாரு, அதான் ஆம்பள. நாளையிலேர்ந்து பிரஸ்ல நில்லு. உன்ன நம்பலாம்.”

பிரஸ் என்பது இரும்புத் தகட்டை ஒரே அடியில் வளைக்கும் ராட்சச மிஷின். கையை உள்ளே விட்டுத்தான் தகட்டை வைக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து வலிப்பு வந்தால்?

“சார், அன்னிக்கி நான் குடிக்கல.”

“அட, அதான் வுட்டுட்டியேப்பா.”

“இல்ல சார். நான் குடிச்சதே இல்ல. எனக்கு வலிப்பு கீது.”

தோளில் இருந்த கையை அவர் எடுத்துக்கொண்டார்.