ஸ்டியரிங்குக்குள் என் கணக்கு நோட்டு

எங்கள் காரின் ஸ்டியரிங்கை நான் கெடுக்கவில்லை. முப்பது வயது தாண்டியும் இதைச் சொல்லிக்கொண்டு திரிய வேண்டியிருக்கிறது. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. கடலூரில் ஓர் உரக் கம்பெனியில் விற்பனை வேலை பார்த்த அப்பா, பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். திங்கட்கிழமைதோறும் அதை எடுத்துக்கொண்டு திட்டக்குடி, பெண்ணாடம் பக்கம் கரும்பு போடுகிறவர்களைப் பார்க்கப் போவார். எனக்குத் திங்கட்கிழமை என்றால் உயிர். காலையில் உம்மென்று கிளம்பும் அப்பா, திரும்பும்போது வாய் நிறையப் பாக்கு மென்றபடி, பாட்டும் சிரிப்பும் பரோட்டா பார்சலுமாக வருவார். அம்மா மட்டும் ஏனோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பார்சலைப் பிரிப்பாள். ஒருமுறை முன்பக்க பம்பர் நசுங்கி வந்தது. ஆடு குறுக்கே வந்துவிட்டதாம்.

அதற்குப் பிறகு ரெண்டு மாதத்தில் ஸ்டியரிங்கில் சத்தம் கிளம்பியது. திருப்பும்போதெல்லாம் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு கடிப்பதுபோல 'கரக், கரக்'. காரணம் சொல்ல அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, உடனே வந்து சேர்ந்தார். அவரிடம் சொந்தமாக இருந்தது ஒரு சைக்கிள்.

"மாமா, இது கீழ சக்கரத்தத் திருப்புற ராக்குதான்," என்றார் அப்பாவிடம். "வண்டி நிக்கறப்ப இந்தப் புள்ள உக்காந்து முறுக்கிக்கினே இருக்கு. நானே பாத்தேன்."

பார்த்தாராம்! ஒரே ஒரு நாள் உட்கார்ந்தேன். ஹாரன்கூட அடிக்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்துக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது முன்சீட்டு எனக்கு என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். சத்தம் என் தலையில் விழுந்தால் அந்த சீட்டு மாமாவுக்குப் போய்விடும். அதனால் சனிக்கிழமை முதுநகர் ஒர்க்‌ஷாப்புக்கு அப்பாவும் மாமாவும் கிளம்பியபோது நானும் அடம்பிடித்துக் கூடப் போனேன்.

மாமா சொன்னது எதையும் மெக்கானிக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜாக்கி வைத்து முன்சக்கரம் இரண்டையும் தூக்கினார். சக்கரம் தரையில் படாமலே சத்தம் வந்தது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அப்பாவை மெதுவாகத் திருப்பச் சொன்னார்.

"சார், கீழ ஒண்ணும் இல்ல, ராக்கு நல்லாத்தான் கீது. சத்தம் இங்கேர்ந்து வருது."

நான் மாமாவை ஒரு பார்வை பார்த்தேன். அந்தச் சந்தோஷம் மூன்று ஸ்குரூ கழற்றும் நேரம்கூட நீடிக்கவில்லை. மூடியை இறக்கியதும் உள்ளேயிருந்து சின்னச் சின்னப் பொட்டலங்கள் பொலபொலவென்று விழுந்தன. ஒன்பது. எல்லாம் விபூதி. இரண்டு மூன்று பொட்டலங்கள் உள்ளே சுற்றும் கம்பியில் சிக்கி அரைபட்டு, அங்கெல்லாம் ஒரே சாம்பல். பொட்டலம் கட்டிய காகிதம் முழுக்க என் பழைய கணக்கு நோட்டு.

மாமா ஒன்றைப் பிரித்து, டீச்சர் சிவப்பில் அடித்திருந்த என் வகுத்தல் கணக்கை ஒர்க்‌ஷாப் முழுக்கக் கேட்கும்படி படித்தார்.

"வகுத்தலே வரல, இவுங்களுக்குக் காரு கேக்குது! நான் சொன்னேன்ல மாமா?"

அப்பா ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்தார். அதன் மடிப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வுடு மச்சான். சின்னப் புள்ள, தெரியாம வெச்சிருக்கும்."

மன்னித்துவிட்டாராம்! செய்யாத தப்புக்கு மன்னிப்பு! நான் வைக்கவில்லை என்று கத்தினேன், அழுதேன். ஒருத்தரும் கேட்கவில்லை. மெக்கானிக் சாம்பலை ஊதித் துடைத்து, கிரீஸ் தடவி, மூடியை மாட்டினார். சத்தம் போய்விட்டது. என் மானமும் போய்விட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள்.

"அவ வெக்கல. நான்தான் அந்த மூடி இடுக்குல சொருகி வெச்சேன், வாரம் ஒண்ணு. வெளிய வெச்சா தூக்கிப் போட்டுடுவீங்க. நீங்க வண்டி ஓட்டிக்கினு வர்ற நெலமைக்கு நான் வேற என்னத்த செய்யட்டும்? குறுக்க ஆடு வந்துச்சாம், ஆடு!"

"தெரியும், மடிப்பப் பாத்ததுமே," என்றார் அப்பா.

தெரியுமாம்! தெரிந்தேதான் அத்தனை பேர் முன்னால் என்னைத் திருடி மாதிரி நிற்க வைத்திருக்கிறார். இரண்டு பேரில் ஒருவராவது என்னிடம் ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று காத்துக்கொண்டு நின்றேன். அம்மாவுக்குக் கண் கலங்கியது. எனக்காகத்தான் என்று நினைத்தால், "நீ போய் வெளாடு" என்று விரட்டினாள். மறுநாள் சிதம்பரம் வரைக்கும் முன்சீட்டில் மாமாதான், ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு, ஜம்மென்று.

திங்கட்கிழமை காலையில் அப்பா கார் சாவியை அம்மா கையில் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனார். சாயங்காலம் பஸ்ஸில்தான் திரும்பினார். பாட்டு இல்லை, பரோட்டா இல்லை. என்மேல் அபாண்டம் போட்டதற்கு அம்மா கொடுத்த தண்டனை, நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். தண்டனை வாங்கிய மனிதருக்கு எதற்காக ஒவ்வொரு தோசைக்கும் அவ்வளவு நெய் ஊற்றினாள் என்பதுதான் புரியவில்லை.