கமலாட்சியின் படம் நின்ற மாலை

சிவரூபி கூரையில் நின்று அன்ரனாவைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கீழே வாசலில் அவளுடைய அம்மா கமலாட்சி. ஒரு கண் உள்ளே ரீவியில், மறு கண் மகளின் காலில். வவுனியாவில் வாடகை வீடு. கூரை ஓடு பழையது.

"கொஞ்சம் கிழக்காலை. கூடிப்போச்சு, திருப்பி வா. நிண்டிட்டுது, விடு."

சிவரூபி கையை எடுத்தாள். படம் மறுபடி கலங்கியது.

"நீ விட்ட உடனை அதுவும் விடுது. நாடகம் முடியுமட்டும் அதிலையே நில்லன் பிள்ளை."

கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கினாள். கமலாட்சி ஏணியைப் பிடித்திருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அடுத்த கிழமை கமலாட்சிக்கு நெஞ்சு நோ வந்தது; அதோடு போய்விட்டாள். 2001 ஆனி.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து, சிவரூபி அலுமாரியை ஒதுக்கினாள். சீலைகளுக்கு அடியில் ஒரு துணி முடிச்சு இருந்தது. உள்ளே விரலளவு கறுப்புக் கட்டை. ஒரு பக்கம் இரண்டு வயர் வால், மறு பக்கம் உருண்டை வாய். அன்ரனா வயரை ரீவியோடு பொருத்துகிற சாமான். அது யாருடையது என்பது அவளுக்குத் தெரியும்.

*

1995 மாசி. சண்டை ஓய்ந்திருந்த மாதங்கள். அப்போது அவர்கள் உருத்திரபுரத்தில் இருந்தார்கள். கொழும்புக்குப் போய்வந்த ஒருத்தி கமலாட்சியிடம் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். கனடாவிலிருந்து தம்பி ஜெயந்தன் அனுப்பியது. போனதிலிருந்து மூச்சுக் காட்டாத தம்பி. திறந்தால் ரீவியில் விளையாடுகிற கேம் பெட்டி. கூடவே மோட்டார்சைக்கிள் ஓட்டப் பந்தயம் ஒன்று. மருமகள் சிவரூபி விளையாடவாம். மருமகளுக்கு அப்போது பத்தொன்பது வயது.

"அவனுக்கு நீ இன்னும் சட்டை போட்ட குஞ்சுதான்," என்றாள் கமலாட்சி. முகம் முழுக்கச் சிரிப்பு.

வீட்டில் பன்னிரண்டு அங்குலக் கறுப்பு வெள்ளை ரீவி இருந்தது. பெட்டியைக் கொளுவினார்கள். படம் வந்தது, வந்து மேலே மேலே உருண்டு ஓடியது. அதற்கு மேல் வெள்ளைப் பொட்டுகளாய்ப் பனி கொட்டியது. பனிக்குள் கறுப்புப் பட்டைகள் ஏறின. சத்தம் இல்லை, வெறும் இரைச்சல். பார்க்க வந்த சனம் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனது.

மறுநாள் சந்தியில் செல்வநாயகம் கதையைத் தொடக்கினார். வாசிகசாலைக்குப் பக்கத்தில் கொட்டில் போட்டு, ஜெனரேற்றர் வைத்துப் படம் காட்டுகிறவர். ஊரில் படம் என்றால் அவர் சொன்னதுதான் கதை.

"கனடாக்காரர் குப்பை கொட்ட இடம் தேடினவையாம், கமலாட்சி. உன்ர வீடு ஆப்பிட்டுது."

ஊர் சிரித்தது. பழுதான சாமானைத்தான் தம்பி தள்ளிவிட்டான் என்று அன்று பின்னேரமே எல்லா வீட்டிலும் கதை. பெட்டியைப் பற்றிச் சொல்லியிருந்தால் கமலாட்சி பொறுத்திருப்பாள். சொன்னது தம்பியைப் பற்றி.

"அண்ணை, வருசத்தண்டு பின்னேரம் உங்கட கொட்டிலிலை ஓட்டிக் காட்டுறன். ஒரு ஓட்டம் முழுக்கப் படம் நிக்காட்டி, பெட்டியை எல்லாருக்கும் முன்னாலை அடுப்பிலை வைக்கிறன்."

"அடுப்பிலை வைச்சா மணக்கும். கிணத்திலை போடு."

"அது குடிக்கிற கிணறு."

சித்திரை வருசத்துக்கு ஏழெட்டுக் கிழமைகள் இருந்தன.

உருள்வதை நிறுத்துவது எளிதாக முடிந்தது. கனடாப் பெட்டி நொடிக்கு அறுபது தடவை படம் அனுப்பும், இங்கத்தைய ரீவி ஐம்பதுக்குக் காத்திருக்கும். இந்தக் கணக்கைச் சிவரூபி பிறகு தொழில்நுட்பக் கல்லூரியில்தான் படித்தாள். கமலாட்சிக்குக் கணக்குத் தேவைப்படவில்லை. ரீவியின் பின்னால் இருந்த திருகிகளை ஒவ்வொன்றாகத் திருகினாள். மூன்றாவது திருகியில் படம் தயங்கியது, பிறகு நின்றது. சத்தம் மட்டும் கடைசிவரை வரவேயில்லை. அதுவும் வேறு நாட்டுக் கணக்கு.

பனிக்குக் காரணம் வயர். பெட்டியிலிருந்து வருவது உருண்டை வயர்; ரீவி கேட்பது தட்டை வயர். இடையில் ஒரு பொருத்தி வேண்டும். ஊரில் அது ஒருவரிடம்தான் இருந்தது. கமலாட்சி சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு செல்வநாயகத்தின் கொட்டிலுக்கே போனாள். அவர் கட்டையைக் கொடுத்தார்.

"படம் நிண்டாலும் திருப்பித் தரவேணும். நிக்காட்டியும் தரவேணும்."

"அடுத்தநாள் விடியவே கொண்டுவந்து தருவன் அண்ணை."

பனி விலகியது. பட்டைகள் மட்டும் விலகவில்லை.

ஊரில் கரண்ட் இல்லை; பொருள் தடையால் றேடியோவுக்குப் போடுகிற பற்றரியையும் கண்ணால் காணாத காலம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டுப் பழகிய ஊர். ஆகவே கேம் பெட்டிக்கும் சைக்கிள்தான். அப்பா யோகநாதன் பெடலைச் சுற்றுவார். ரீவி மட்டும் உழவு இயந்திரத்துப் பற்றரியில் ஓடியது. பட்டை விழுந்தால் ரீவியில் பிழை என்றார்கள். மூடியைக் கழற்றித் தூசு தட்டினார்கள், வயரை மாற்றினார்கள், ரீவியை வடக்குப் பார்க்கவும் வைத்தார்கள். சைக்கிளை ஒருவரும் சந்தேகப்படவில்லை. றேடியோவைக் காப்பாற்றிய சைக்கிள் அல்லவா?

ஒருநாள் விளையாட்டின் நடுவில் யோகநாதன் வெற்றிலைக்காகக் கையை மெதுவாக்கினார். பட்டைகளும் மெதுவாகின. கமலாட்சி திரும்பிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, கெதியாச் சுத்துங்கோ. ம். இப்ப மெதுவா."

பட்டைகள் அவர் கையோடு ஓடின, அவர் கையோடு நடந்தன.

"ரீவியிலை பிழை இல்லை. உங்கட கையிலைதான்."

"இவ்வளவு நாளும் சுத்தின கைக்கு இதோ சம்பளம்?" என்றார் யோகநாதன்.

கேம் பெட்டியும் பற்றரிக்கு மாறியது. பட்டைகள் போயின. ஆனால் இரண்டையும் இழுக்கப் பற்றரி களைத்தது. களைக்கக் களைக்கப் படம் நாலு பக்கமும் சுருங்கியது. எஞ்சினை ஓடவிட்டால் பற்றரி தாங்கும். எரிபொருளை எண்ணி யோகநாதன் முனகினார். தம்பியின் பெயரைச் சொன்னதும் முனகல் நின்றது.

வருசத்தன்று பின்னேரம் உழவு இயந்திரம் கொட்டில் வாசலுக்குப் போய் நின்றது. கதிரைகள் போதாமல் சனம் மண்ணில் இருந்தது. பெட்டி சூடேறாமல் இருக்கச் சிவரூபி பக்கத்தில் இருந்து பனையோலை விசிறியால் விசிறினாள். கமலாட்சி புதுச்சீலையோடு சப்பாணி கட்டி இருந்து விளையாட்டுப் பிடியைக் கையில் எடுத்தாள். செல்வநாயகம் முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு.

"திரையிலை மழை பெய்யாதோ, கமலாட்சி?"

"குடை கொண்டுவந்தனீங்களோ?"

படம் வந்தது. மணல் பாதை, வேலி, மோட்டார்சைக்கிள். கோடு போட்ட கொப்பியில் கீறியதுபோல் சுத்தமாக. ஒரு பட்டை இல்லை, ஒரு பனிப்பொட்டு இல்லை. வண்டி புறப்பட்டது.

ரீவியில் சத்தம் இல்லை. ஆனால் வாசலில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஆசனத்தில் இருந்த யோகநாதனுக்குத் திரை தெரிந்தது. கமலாட்சி வேகமெடுத்தபோது அவர் கையும் தானாக எரிபொருளைக் கூட்டியது. வண்டி மேட்டில் ஏறி ஆகாயத்தில் பாய, எஞ்சின் உறுமியது. பிறகு பின்வரிசையில் யாரோ வாயால் உறுமத் தொடங்க, கொட்டில் முழுக்க உறுமியது. கிழவர்களும் உறுமினார்கள். கடைசி மேட்டில் வண்டி குப்புற விழப் பார்த்தது. கமலாட்சி உடம்பையும் சேர்த்துப் பின்னால் சாய்த்தாள். சனமும் சாய்ந்தது. சக்கரம் மண்ணைத் தொட்டது. முதலாவதாக வந்தாள்.

படம் அசையவில்லை.

செல்வநாயகம் கட்டிய கையை அவிழ்த்தார். எழும்பி வந்து திரையைக் கிட்டப் பார்த்தார், பிறகு கேம் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"உன்ர தம்பி நல்ல சாமான்தான் அனுப்பினவன்," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "தள்ளி இரு. நானும் ஒருக்கா ஓடிப் பாக்கிறன்."

அவர் முதல் மேட்டிலேயே விழுந்தார். இருட்டும்வரை விட்டு எழும்பவில்லை. ஆகவே பொருத்தியை அன்று கழற்றவும் முடியவில்லை.

அடுத்தநாள் விடிய அவர் சாமான் எடுக்க வவுனியாப் பக்கம் போய்விட்டார். அந்தக் கிழமையே சண்டை தொடங்கியது. இடையில் வந்து ஜெனரேற்றரை ஏற்றிக்கொண்டு அவர் வேறு ஊருக்குப் போனதாகப் பிறகு சொன்னார்கள். அடுத்த வருடம் சண்டை கிட்ட வர, உருத்திரபுரமே எழும்பி நடந்தது. ரீவியும் பெட்டியும் வீட்டோடு நின்றன. கட்டை கமலாட்சியின் மடியில் வந்தது.

வவுனியாவுக்கு வந்து தொலைபேசிக் கடையில் தம்பியோடு முதன்முதல் கதைத்தபோது, அவள் இடம்பெயர்ந்த கதை சொல்லவில்லை. அந்தப் பின்னேரத்தைச் சொன்னாள். எஞ்சின் சத்தத்தையும் செய்து காட்டினாள். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஒவ்வொரு சித்திரைக்கும், செல்வநாயகம் அண்ணையின் சாமானைக் கொடுக்க வேண்டும் என்பாள். இந்த வருடம் அவர் முல்லைத்தீவில், சந்தைக்குப் பின்னால் இருப்பதாகத் தகவல் கிடைத்தது. அன்ரனா வேலை முடியட்டும், அங்காலை போக ஆமியிட்டைப் பாஸுக்கு எழுதிப்போடுவோம் என்றாள்.

கட்டை இப்போது சிவரூபியின் கைப்பையில் இருக்கிறது. சண்டையால் மூடிய முல்லைத்தீவுப் பாதை இன்னும் திறக்கவில்லை.