காய்ச்சல் இல்லாதவளின் விடுப்பு

எதிர் ஃபிளாட்டின் கதவில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. அந்தக் கசப்பு வாசனை, தாம்பரத்து மாடிப்படியில் நின்ற என்னைக் குரோம்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குக் கொண்டுபோனது.

அன்று அம்மை கண்டவன் தம்பி. பிளஸ் டூ படித்தவள் நான். அவனுக்கு இளநீரும் வெள்ளை விரிப்பும். வீடெங்கும் தாளிக்காத குழம்பின் மணம். "தலைக்குத் தண்ணி ஊத்துறவரைக்கும் பொண்ணை அனுப்பாதீங்க" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். ஜன்னலோரம் அமர்ந்து, சைக்கிளில் போகும் தோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தியும் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

நான் பள்ளிக்குப் போனபோது வேதியியல் செய்முறைத் தேர்வு முடிந்திருந்தது.

"மெடிக்கல் சர்டிபிகேட் எங்கம்மா?" என்றார் ஆசிரியை.

"எனக்கு ஒண்ணும் இல்ல மிஸ், தம்பிக்குத்தான்."

"அப்ப நீ ஏன் வரல?"

வரவேண்டாமென்று சொன்னவர்கள் அவர்களே என்பதை எனக்காக யாரும் போய்ச் சொல்லவில்லை.

எதிர்க்கதவு திறந்தது. கம்பிக்குப் பின்னால் அந்த வீட்டுப் பெரிய பெண் நின்றாள்.

"தங்கச்சிக்குத்தான் ஆன்ட்டி. எனக்கு நாளைக்கு பிராக்டிகல். வரக்கூடாதுன்னுட்டாங்க."

"உங்க ஸ்கூல்ல நான் போய்ப் பேசறேன்."

"எங்க வாசல்ல நின்னீங்கன்னு தெரிஞ்சா உங்களையும் உள்ள விடமாட்டாங்க" என்று சிரிக்க முயன்றாள்.

"அப்ப ஸ்கூல் போன் நம்பர் குடும்மா. இங்கயே நின்னு பேசறேன்" என்றேன்.