கிழியாத சட்டை

அத்தை வெளியே காலை வைக்குமுன் அண்ணாந்து பார்ப்பார். கையில் குப்பை வாளி இருந்தாலும், வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தாலும், வாசலில் நின்று வானத்தை ஒரு சுற்றுப் பார்த்த பிறகுதான் செருப்பு. மழைக்குப் பார்க்கிறார் என்றே பலர் நினைத்தார்கள். அவர் தேடியது ஒரு பருந்தை.

கார் சீட் கவர் தைக்கும் கடையில் அவருக்கு இருபத்திரண்டு வருஷம். அவர் போட்ட தையலைப் பிரிப்பதைவிடப் புது காரே வாங்கிவிடலாம் என்று கடைக்காரர் கிண்டலடிப்பார். வீட்டில் அத்தையும் நானும் ஒரு பூனையும். எந்த வேலையும் செய்யாமல் எல்லோரையும் முறைத்துக்கொண்டே இருந்ததால் அதற்கு மேனேஜர் என்று பெயர்.

மேனேஜர் போட்ட நாலு குட்டிகளில் மூன்றை ஒரே வாரத்தில், பட்டப்பகலில், கொல்லையிலிருந்து பருந்து தூக்கியது. மூன்றாவது அத்தையின் கண்ணெதிரே போனது. துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஈரத் துப்பட்டியில் ஒரு நிழல் ஓடியது. திரும்புவதற்குள் கூரைக்கு மேலே ஒரு சின்ன வால் தொங்கிக்கொண்டு போனது. அன்று அவர் சாப்பிடவும் இல்லை, அழவும் இல்லை.

நான் அப்போது கல்லூரி இரண்டாம் வருஷம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்பதால் காய்ச்சலிலிருந்து பருந்து வரை என்னிடம்தான் கேட்பார்கள். தேடிப் படித்துச் சொன்னேன்: காலையிலும் சாயங்காலமும் பூனைகளை உள்ளே வை, கொல்லைக்கு மேல் வலை கட்டு, ஆள் கூட நிற்கும்போது மட்டும் வெளியே விடு.

"தப்பு பண்ணது அது. ஜெயில்ல இருக்கறது என் பூனைங்களா?" என்றார் அத்தை.

முட்கள் வைத்த சட்டையைச் சின்னப் பிராணிகளுக்கு மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாளே கடையிலிருந்து ரெக்சின் துண்டுகள் வந்தன. இரண்டு அடுக்கு ரெக்சின், நடுவில் ஸ்பாஞ்ச், முதுகில் நைலான் வலை. வயர் கட்டுகிற பிளாஸ்டிக் டேக்குகள், நுனியைச் சாய்வாக வெட்டியதில், அதன் மேல் முள்ளம்பன்றி மாதிரி நின்றன.

"கால வச்சா பஞ்சராகணும்."

எங்காவது மாட்டிக்கொண்டால், ஒரு இழுப்பில் கழன்று வருகிற மாதிரி வார் இருக்க வேண்டும் என்று படித்ததைச் சொன்னேன். அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நான் தைச்சது கழண்டு வரணுமா? எவன்டி எழுதினான் அத?"

சட்டையை மேனேஜருக்குப் போடவில்லை. மிச்சமிருந்த குட்டிக்கும் போடவில்லை. மாடியில் இருந்த லாரி டிரைவர், லோடு ஏற்றிப் போகும்போதெல்லாம் தன் சாம்பல் பூனையை எங்களிடம் விட்டுப் போவார். பாதி வளர்ந்த பூனை. அதற்குப் போட்டார். அது கொஞ்சம் தைரியமான பூனை என்றார், என் முகத்தைப் பார்க்காமல். நான் தடுக்கவில்லை. சட்டை வேலை செய்கிறதா என்று பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது. பருந்து ஏழிலிருந்து எட்டுக்குள் வரும் என்று கணக்குப் பார்த்துச் சொன்னதே நான்தான்.

கொல்லை நடுவே மீன் தலையை வைத்துப் பூனையை விட்டுவிட்டு, அத்தை கதவுக்குப் பின்னால் தடியோடு நின்றார். மூன்றாம் நாள் பருந்து இறங்கியது. முள் குத்தியதும் அது விட்டுவிடப் பார்த்ததை நான் பார்த்தேன். ஆனால் நகம் வலைக்குள் சிக்கிவிட்டது. வேறு யார் தைத்திருந்தாலும் கிழிந்திருக்கும். விட முடியாமல் படபடத்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி உயரத்துக்கு எழுந்து, தொட்டி விளிம்பில் மோதி, இரண்டும் கொல்லைக் கொட்டகையின் தகரக் கூரையில் விழுந்தன. நகத்தை எப்படியோ பிய்த்துக்கொண்டு பருந்து பறந்தது. பூனை எழுந்திருக்கவில்லை. சட்டையில் ஒரு தையல்கூட விடவில்லை.

அத்தை கூரையைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தார்.

"கால் தொங்குது பாத்தியா?" என்றார். அதற்கப்புறம்தான் ஏணி கொண்டுவரச் சொன்னார்.

டிரைவரிடம், தான் வேலைக்குப் போயிருந்தபோது பருந்து அடித்துவிட்டது என்றார். அவர் அத்தையைத்தான் தேற்றினார். "விடுங்கக்கா, நீங்க என்ன பண்ணுவீங்க." மேனேஜர் அடுத்து போடுகிற முதல் குட்டி உனக்குத்தான் தம்பி என்று அத்தை வாக்குக் கொடுத்தார். அடுத்த வாரமே கொல்லைக்கு மேல் வலை கட்டினார். அதன் பிறகு ஒரு குட்டிகூடப் போகவில்லை.

கால் வளைந்த பருந்து எதிர் விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் நாளில், அத்தை டீயில் சர்க்கரை கூடுதலாகப் போட்டுக்கொள்வார். பசியோடு இருக்கிறதா என்று என்னைக் கேட்பார். இருக்கும் என்றால் திருப்தி.

ஐந்து வருஷத்தில் எத்தனையோ குட்டிகள் யார் யார் வீட்டுக்கோ போயின. டிரைவர் கேட்கும்போது மட்டும், இது சவலை, அதுக்குக் கண் சரியில்லை, அடுத்த தடவை பார்ப்போம் என்பார் அத்தை. இந்த வருஷம் அத்தையின் இதயம் திடீரென்று நின்றுபோனது.

போன வாரம் டிரைவர் மாடிப்படியில் நின்று கேட்டார். "அக்கா சொன்ன குட்டி என்னம்மா ஆச்சு? பேரக்குட்டியாவது கிடைக்குமா?"

வலைக்குக் கீழே இப்போது இரண்டு இருக்கின்றன. இன்னும் பால் குடிக்கின்றன என்று சொல்லிவிட்டேன். குடிப்பதை நிறுத்திப் பத்து நாளாகிறது. கொடுத்துவிடலாம். கொடுத்தால் அவர் அத்தைக்கு நன்றி சொல்வார்.